எலி இங்கே, கம்ப்யூட்டர் அங்கே!

2020, ஏப்ரல் கடைசி. ஊரடங்கு. விடியற்காலை நாலரை மணிக்கு என் அக்கா மகன் போன் செய்தான். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. அந்தச் சமயத்தில் கும்பகோணத்தில் வீட்டு மாடியில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

"மாமா, பாஸ்வேர்டு சரியாத்தான் அடிக்கிறேன். உள்ளே விடமாட்டேங்குது. ரெண்டு சான்ஸ் போயிடுச்சு. மூணாவதும் தப்பாச்சுன்னா அக்கவுண்ட்டைப் பூட்டிடும். திறந்துவிடற ஆள் லண்டன்ல. அங்கே இப்ப நடுராத்திரி."

காலை ஒன்பது மணிக்குள் சம்பளப் பட்டியல் பேங்குக்குப் போயாக வேண்டும். அந்த மாதம் சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மளிகைக்கடைக்காரர்கூட கடன் கொடுக்க யோசித்த மாதம் அது.

"மவுஸ் வேலை செய்யுதா?" என்று கேட்டேன்.

"அது அதுக்கு மேல, மாமா. நான் ஒரு இடத்துல வச்சா, அது ரெண்டு இன்ச் தள்ளி நிக்குது."

அவன் நிலைமையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கும்பகோணத்து லேப்டாப்பிலிருந்து சென்னை ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் போயிருக்கிறான். அங்கிருந்து லண்டனில் உள்ள ஒரு 'விர்ச்சுவல் மெஷின்'. அதாவது, ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேராலேயே உண்டாக்கப்பட்ட இன்னொரு கம்ப்யூட்டர். அதற்குக் கை, கால், பிளக் எதுவும் கிடையாது. ஆனால் தனக்கென்று ஒரு கீபோர்டும் மவுஸும் இருப்பதாக அது மனதார நம்பிக்கொண்டிருக்கும்!

சம்பளம் போனதா இல்லையா என்பதை முடிவில் சொல்கிறேன். அதற்கு முன் ஓர் எண்பது வருஷம் பின்னால் போய்விட்டு வரவேண்டும். அன்றைக்கு அவன் பட்ட அவஸ்தையில் பெரும்பகுதி பழைய கதை!

* * *

1940, செப்டம்பர் 11. அமெரிக்காவில் ஹானோவர் என்ற சிற்றூர். டார்ட்மவுத் கல்லூரியில் கணித மேதைகளின் மாநாடு. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்பவர் ஒரு டெலிடைப் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். 'கணக்கைத் தட்டுங்கள்' என்றார். தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அதே மெஷின் தானாக விடையைத் தட்டிக் கொடுத்தது. கணக்கைப் போட்ட இயந்திரமோ சுமார் 250 மைல் தாண்டி நியூயார்க்கில் இருந்தது! பார்த்தவர்களில் நார்பர்ட் வீனர் ஒருவர். பிற்பாடு 'எனியாக்' கம்ப்யூட்டரை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜான் மாக்லி இன்னொருவர். கை ஓர் ஊரில், கணக்கு வேறோர் ஊரில் என்ற விந்தை இப்படித்தான் ஆரம்பித்தது.

மவுஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். 1968, டிசம்பர் 9. சான்பிரான்சிஸ்கோவில் ஒரு கம்ப்யூட்டர் மாநாடு. ஆயிரம் பேர் போல உட்கார்ந்திருக்கிறார்கள். டக்ளஸ் எங்கல்பார்ட் மேடையில் அமர்ந்து, மரப்பெட்டி போல ஒன்றை மேஜைமேல் நகர்த்துகிறார். பின்னால் பிரம்மாண்டமான திரையில் ஒரு புள்ளி நகர்கிறது. அவருடைய மவுஸ் முதன்முதலாகப் பொதுமேடை ஏறிய நாள் அது. (பெட்டியைச் செய்து கொடுத்தவர் அவருடைய சகா பில் இங்கிலீஷ்.)

பலர் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. எங்கல்பார்ட்டின் கம்ப்யூட்டர் அந்த மண்டபத்திலேயே இல்லை! அது சுமார் 30 மைல் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்தது. மவுஸ் நகர்வும் கீபோர்டுத் தட்டலும், கையால் செய்த மோடம்கள் வழியே ஒரு வாடகை டெலிபோன் லைனில் போயின. வேகம் 1200 பாட். இன்றைக்கு உங்கள் செல்போன் அதைக் கேட்டால் சிரிக்கும். திரையில் தெரிந்த படமோ மைக்ரோவேவ் வழியாகத் தனியாகத் திரும்பி வந்தது.

ஆக, எங்கல்பார்ட்டின் எலி உலகத்துக்கு அறிமுகமானதே 'ரிமோட்' எலியாகத்தான். என் அக்கா மகனின் எலி 2020-ல் செய்த வேலையைத்தான் அதுவும் செய்துகொண்டிருந்தது.

* * *

அடுத்த வருஷமே முதல் கோளாறும் வந்துவிட்டது. 1969, அக்டோபர் 29, இரவு பத்தரை மணி. லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் சார்லி க்ளைன் என்ற மாணவர், புத்தம்புது 'அர்ப்பாநெட்' வழியாக மென்லோ பார்க் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்க்கிறார். இன்றைய இன்டர்நெட்டின் கொள்ளுத்தாத்தா இந்த அர்ப்பாநெட். அந்த முனையில் பில் டுவால். இருவர் காதிலும் டெலிபோன்.

க்ளைன் 'லாகின்' என்று அடிக்க வேண்டும். முதலில் 'எல்' அடித்தார். வந்ததா என்று போனில் கேட்டார். வந்தது. 'ஓ' அடித்தார். அதுவும் வந்தது. 'ஜி' அடித்தார். அவ்வளவுதான்! சிஸ்டம் படுத்துவிட்டது. எதிர்பார்த்ததைவிட அதிக எழுத்துகள் ஒரேயடியாக வந்ததில், அதற்கென்று ஒதுக்கிய இடம் நிரம்பி வழிந்துவிட்டது. சரிசெய்துவிட்டு சுமார் ஒரு மணி நேரத்தில் மறுபடி முயன்றபோது வேலை செய்தது.

சரித்திரப் புத்தகங்களில் இதைப் பெரிய சாதனையாக எழுதுகிறார்கள். சாதனைதான். எனக்குப் பிடித்தது அந்த போன்! ஒவ்வொரு எழுத்தாக அடித்து, 'அங்கே என்ன வந்தது?' என்று கேட்பது. தூரத்துக் கம்ப்யூட்டரின் கீபோர்டுக் கோளாறுக்கு இன்றுவரை இதைவிட நல்ல வைத்தியம் வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் நீங்கள் எழுத்தை அடிக்கிறீர்கள், அது தெரிகிறது. தூரத்துக் கம்ப்யூட்டரில் நீங்கள் அடித்த எழுத்து அங்கே போய், அந்த மெஷின் அதைப் புரிந்துகொண்டு, அதன் படம் உங்களுக்குத் திரும்பி வருகிறது. திரையில் நீங்கள் பார்ப்பது நீங்கள் அடித்ததை அல்ல, அங்கே போய்ச் சேர்ந்ததை. எதிரொலி மாதிரி. எதிரொலி சரியாக வந்தால் எல்லாம் சரி. தப்பாக வந்தால், எங்கே தப்பு என்று அதிலேயே துப்புக் கிடைக்கும்.

எதிரொலியே வராத இடம் ஒன்று உண்டு. அது எது என்று யோசித்து வையுங்கள்.

* * *

இதே அறுபதுகளில்தான் ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் (அமெரிக்க கேம்பிரிட்ஜ்) ஆய்வு மையத்தில் விர்ச்சுவல் மெஷின் பிறந்தது. ஒரே ராட்சச கம்ப்யூட்டரைப் பல பேருக்குப் பங்கு போட்டு, ஒவ்வொருவருக்கும் 'இது முழுக்க எனக்கே' என்ற பிரமையை உண்டாக்கும் தந்திரம். 1967-ல் உள்ளேயே ஓட்டிப் பார்த்தார்கள். 1972-ல் விஎம்/370 என்று கடைக்கே வந்துவிட்டது.

உடனே ஒரு குழப்பம். நான் தட்டுவது யாருக்கு? என் பொய்க் கம்ப்யூட்டருக்கா, அதைத் தாங்கி நிற்கும் நிஜக் கம்ப்யூட்டருக்கா? இதற்காக டைப்ரைட்டர் போன்ற அந்த டெர்மினலில் 'அட்டென்ஷன்' என்ற கீயைப் பயன்படுத்தினார்கள். அதை அழுத்தினால் மேலதிகாரி எட்டிப் பார்ப்பார். வகுப்பில் கை தூக்குகிற மாதிரி.

முப்பது வருஷம் கழித்து, 1999-ல், விஎம்வேர் நிறுவனம் சாதாரண பிசியிலேயே விர்ச்சுவல் மெஷினை ஓட்டிக் காட்டியபோது அதே குழப்பம் மவுஸோடு சேர்ந்து திரும்பி வந்தது. ஜன்னலுக்குள் ஒரு கிளிக் செய்தால் போதும், எலி உள்ளே மாட்டிக்கொள்ளும். வெளியே வராது. கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் விடுதலை. இது தெரியாமல் பிளக்கைப் பிடுங்கிய புண்ணியவான்கள் உண்டு.

மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி 2008-ல் வந்தது. அதில் எலியை மீட்க கன்ட்ரோல், ஆல்ட், இடது அம்புக்குறி. சில கம்ப்யூட்டர்களில் இன்டெல் கிராஃபிக்ஸ் சாஃப்ட்வேர் அதே மூன்று கீகளைத் திரையைத் திருப்புவதற்கு வைத்திருந்தது. எலியை வெளியே கொண்டுவர அழுத்தினால், திரை முழுக்க ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும்!

* * *

எலி ஏன் மாட்டிக்கொள்கிறது? இரண்டு இன்ச் ஏன் தள்ளி நிற்கிறது? இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். சாதாரண மவுஸுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. 'வலப்பக்கம் ஐந்து, மேலே மூன்று' என்று நகர்ந்த கணக்கை மட்டும்தான் சொல்லும். கண்ணைக் கட்டிவிட்ட ஆளிடம் 'பத்தடி நட, இடது பக்கம் திரும்பு' என்று வழி சொல்கிற மாதிரி. அவர் எட்டு கொஞ்சம் பெரிசாக இருந்தால் வேறு வீட்டு வாசலில் போய் நிற்பார்.

விர்ச்சுவல் மெஷினிலும் இதுதான் கதை. மவுஸை வேகமாக நகர்த்தினால் கர்சர் இன்னும் அதிகமாகப் பாய வேண்டும் என்று ஒரு கணக்கு நம் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது, அந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கர்சர்கள் பிரிந்துவிடும். அதற்காகத்தான் எலியைப் பிடித்து உள்ளே அடைத்தார்கள். நம் கர்சரை மறைத்துவிட்டு, 'இனி அந்தக் கர்சர்தான் உனக்கு' என்று ஏற்பாடு.

ஆனால் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்தால் இது நடக்காது. அது 'திரையில் இந்த இடம்' என்று விலாசம் அனுப்புகிறது. உள்ளே இருக்கும் பொய் மவுஸோ 'எத்தனை அடி நகர்ந்தாய்?' என்று கேட்கிறது. பேச்சுவார்த்தை முறிவு! 2008 ஹைப்பர்-வியில், ரிமோட்டில் வந்து ஒரு புது விர்ச்சுவல் மெஷினைத் திறந்தால் மவுஸ் வேலையே செய்யாது. 'இன்டக்ரேஷன் சர்வீசஸ்' என்ற சாஃப்ட்வேரை உள்ளே போட்டால் வேலை செய்யும். அதைப் போட மவுஸ் வேண்டுமே? டேப் கீயும் என்டர் கீயுமாகத் தடவித் தடவிப் போட்டார்கள் அன்றைய ஆட்கள்.

நிரந்தரத் தீர்வு அழகானது. ஓவியர்கள் பேனா வைத்து வரைகிற மின்பலகை இருக்கிறதல்லவா? அது நகர்வைச் சொல்லாது, பேனா நிற்கும் இடத்தைச் சொல்லும். க்யூஎமு போன்ற சாஃப்ட்வேர்களில் விர்ச்சுவல் மெஷினிடம், 'உனக்கு மவுஸ் இல்லையப்பா, வரைபலகைதான்' என்று பொய் சொல்லிவிட்டார்கள். அது நம்பிவிட்டது. இரண்டு கர்சரும் ஒன்றாகிவிட்டன. துப்பாக்கி கேம் ஆடுபவர்களுக்கு மட்டும் இது ஆகாது. அவர்களுக்கு நகர்வுதான் வேண்டும். பலகையை வைத்து ஆடினால் ஹீரோ பம்பரமாகச் சுற்றுவார்.

* * *

மவுஸ் பிரச்னை கண்ணுக்குத் தெரியும். கீபோர்டு பிரச்னை நயவஞ்சகமானது.

ஒரு கீயைத் தட்டினால் ஒரு செய்தி போவதாக நினைக்கிறோம். போவது இரண்டு. 'அழுத்தினான்' என்று ஒன்று. 'விட்டான்' என்று ஒன்று. நெட்வொர்க் மந்தமாகி இரண்டாவது தாமதமானால், விரலை எடுக்கவில்லை என்று அந்தக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். அழுத்திப் பிடித்தால் எழுத்து வரிசையாக விழுமே, அதை ஆரம்பித்துவிடும். 'அம்மா' என்று அடித்தால் 'அம்மாாாா'. விஎம்வேரில் இதற்கு வைத்தியமாக, இத்தனை நேரம் அழுத்தினால்தான் திரும்ப அடிக்கவேண்டும் என்று 20 லட்சம் மைக்ரோ செகண்ட் வைக்கச் சொன்னார்கள். பயப்படாதீர்கள், இரண்டு செகண்ட்தான்.

'விட்டான்' என்ற செய்தி போகவே இல்லையென்றால் இன்னும் வேடிக்கை. ஆல்ட் கீயை அழுத்தும்போது அந்த ஜன்னலில் இருக்கிறீர்கள், விடும்போது வேறு ஜன்னலுக்கு வந்துவிட்டீர்கள். அந்தக் கம்ப்யூட்டர் பாவம், உங்கள் விரல் இன்னமும் ஆல்ட்மேல் இருப்பதாக நம்பிக் காத்திருக்கும். திரும்பி வந்து எதைத் தட்டினாலும் ஏதாவது மெனு திறக்கும். ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் ஒவ்வொன்றையும் ஒரு தடவை அழுத்தி விடுங்கள். பேய் இறங்கிவிடும்.

அப்புறம் கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில், மெஷினைச் சட்டென்று மறுபடி துவக்க டேவிட் பிராட்லி என்ற இன்ஜினியர் வைத்த குறுக்குவழி. தெரியாத்தனமாகக் கை படக்கூடாது என்பதால் இரண்டு கீ இடக்கோடியில், ஒன்று வலக்கோடியில். 1993-ல் விண்டோஸ் என்.டி. இதையே வாசல்கதவாக்கியது. போலி லாகின் திரைகளால் இந்த மூன்றையும் பிடிக்க முடியாது என்பது காரணம். ஆனால் ரிமோட்டில் இதை அழுத்தினால் உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரே 'என்னையா கூப்பிட்டீர்கள்?' என்று குறுக்கே வந்து நிற்கும். அதனால் ரிமோட் டெஸ்க்டாப்பில் டெலீட்டுக்குப் பதில் 'எண்ட்' கீ. விஎம்வேரில் 'இன்சர்ட்'.

* * *

கடைசியாக, எங்கள் வீட்டுக் கோளாறுக்கு வருவோம்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆங்கில மெஷினில் இடது சுண்டுவிரல் 'ஏ'. தமிழ் மெஷினில் அதே இடத்தில் 'ய'. யளனகப என்று தட்டித் தேய்த்தோமே! 1999-ல் வந்த 'தமிழ்99' கீபோர்டிலோ அதே இடத்தில் 'அ'. விரல் ஒன்று, இடம் ஒன்று, எழுத்து மூன்று.

தூரத்துக்கு எதை அனுப்புவது, எழுத்தையா, இடத்தையா? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் உருவான விஎன்சி, எழுத்தை அனுப்பியது. பெரிய 'ஏ' என்றால் 65. சின்ன 'ஏ' என்றால் 97. மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப் பெரும்பாலும் இடத்தை அனுப்புகிறது. எழுத்து எதுவானாலும் அந்தக் கீயின் எண் 30. அது என்ன எழுத்து என்பதை அந்தப் பக்கம் முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடும். போகும்போதே 'இவர் இன்ன கீபோர்டுக்காரர்' என்று ஒரு சிபாரிசுக் கடிதமும் எடுத்துப்போவதால் அங்கே குழப்பம் வராது.

அன்றைக்கு என் அக்கா மகனுக்கு அந்த வழி அடைத்துக்கொண்டுவிட்டது. அதனால் முதல்தடவையாக 'கன்சோல்' வழியாக, அதாவது அந்த விர்ச்சுவல் மெஷினின் நேர் திரைக்கே போய் நின்றிருக்கிறான். அங்கே சிபாரிசுக் கடிதம் கிடையாது. கீயின் இடம் மட்டும்தான் போகும்.

எதிரொலி வராத இடம் எது என்று யோசித்து வைக்கச் சொன்னேனே? பாஸ்வேர்டு பெட்டி! என்ன அடித்தாலும் கறுப்புப் புள்ளி. அங்கே என்ன போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சாட்சியே இல்லை. எழுபத்தைந்து பேர் நின்று பார்த்தாலும் புள்ளிதான்.

"ராஜா, பாஸ்வேர்டை விடு. மேலே யூசர்நேம் கட்டம் இருக்கில்ல? டேப் கீயாலேயே அங்கே போ. பாஸ்வேர்டை முழுசா அடிக்காதே. அதுல இருக்கிற விசேஷக் குறி மட்டும் அடிச்சுப் பாரு."

போனில் கீபோர்டுச் சத்தம் கேட்டது. க்ளைனும் டுவாலும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

"மாமா! @ அடிச்சா மேற்கோள் குறி விழுது!"

அவ்வளவுதான் விஷயம். நம் ஊரில் விற்கிற கீபோர்டுகள் அமெரிக்க முறை. ஷிஃப்ட்டோடு 2-ஐ அழுத்தினால் @. லண்டன் மெஷினின் லாகின் திரையோ பிரிட்டிஷ் முறை. அங்கே ஷிஃப்ட்டோடு 2 என்றால் இரட்டை மேற்கோள் குறி. @ இருப்பது, நம் கீபோர்டில் அந்த மேற்கோள் குறி இருக்கும் இடத்தில். இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. கும்பகோணத்தில் அவன் விரல் சரியாகத்தான் அடித்தது. லண்டனில் தப்பாகத்தான் விழுந்தது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

யூசர்நேம் கட்டத்தை அழித்துச் சரிசெய்துவிட்டு, மூன்றாவது தடவை அடித்தான். @ வரவேண்டிய இடத்தில் ஷிஃப்ட்டோடு மேற்கோள் கீ. ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு. ரொம்ப நேரம் போனில் சத்தமே இல்லை.

"திறந்திடுச்சு, மாமா."

இரண்டு இன்ச் தள்ளி நின்ற எலியை அப்படியே விட்டுவிட்டு, டேப் கீயாலேயே மிச்ச வேலையை முடித்தான். ஏழே முக்காலுக்குப் பட்டியல் பேங்குக்குப் போய்விட்டது. அந்தக் கம்பெனியில் யாருக்கும் இப்படி ஒரு ராத்திரி நடந்ததே தெரியாது. சம்பளம் வந்ததற்கான எஸ்எம்எஸ் மட்டும் தெரியும்.

ஒரு வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். "ஏண்டா, நீயும் அவனுமா விடியக்காலம்பற போன்ல என்ன பண்ணிட்டிருந்தீங்க? ஒரு மணி நேரமா 'என்ன விழுந்துது, என்ன விழுந்துது'ன்னு சத்தம். நான் மொட்டை மாடியில ஏதோ விழுந்துடுச்சுன்னு நினைச்சுப் பயந்துட்டேன்!"